ஸ்பேஸ் பார் இல்லாத கீபோர்டு

மிக்சர் செத்தது சாயங்காலம் நாலரை மணிக்கு. ஏழு மணிக்குக் கச்சேரி.

2009, தை மாதம். மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம், வரவேற்புக்கு மெல்லிசை. வாடகைக்கு எடுத்து வந்திருந்த 24 சேனல் மிக்சரை ஆன் பண்ணி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து மீன் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர்கள் ஏழெட்டுப் பேருக்குப் போன் போட்டேன். நல்ல முகூர்த்த நாள், யாரிடமும் மிக்சர் சும்மா இல்லை. என் வண்டியில் எட்டு சேனல் சின்ன மிக்சர் ஒன்று கிடந்தது. அந்தக் குழுவை அதில் அடைக்க முடியாது.

பையில் லேப்டாப் இருந்தது. கச்சேரியைத் தனித்தனி ட்ராக்காகப் பதிவு செய்து, வீட்டில் வைத்து மிக்ஸ் பண்ணி, சி.டி. போட்டுக் கொடுப்பது அப்போது எனக்குப் பக்கத் தொழில். அதற்காக எட்டு மைக் செருகக்கூடிய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் ஒன்றும், ஆப்டிகல் கேபிளில் அதனோடு இன்னும் எட்டு மைக்கைச் சேர்க்கிற பெட்டி ஒன்றும் வாங்கியிருந்தேன். விரல் விட்டு எண்ணினேன். பாடகர் மூன்று, அறிவிப்பாளர் ஒன்று, கீபோர்டு இரண்டு, கிடார், பேஸ், தபேலாவுக்கு இரண்டு, ரிதம் பேட், டிரம்ஸுக்கு மூன்று, புல்லாங்குழல். பதினைந்து வந்தது. என்னிடம் இருப்பது பதினாறு.

ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இருப்பது மிக்சரின் படம்தான். ஃபேடர், பேன், ஈக்யூ, சேனலுக்குச் சேனல் கம்ப்ரெஸர் எல்லாம் உண்டு. சேனலில் உள்ளே வருகிற ஒலியை அப்படியே வெளியே கேட்கவிடும் வசதியும் உண்டு. அப்படியென்றால் ரெக்கார்டிங்கை விட்டுவிட்டு அந்த வழியாகவே ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பினால் என்ன? வேறு வழியும் இல்லை. ஐந்தே காலுக்கு ஒயர் மாற்ற ஆரம்பித்தேன்.

ஆறு மணிக்கு ஒத்திகை. நாலு மாத்திரை வாசித்துவிட்டுத் தபேலாக்காரர் நிறுத்தினார். "தம்பி, நான் ஒண்ணு தட்டுனா ரெண்டு கேக்குது."

எக்கோவைக் குறைத்தேன். "இப்பவும் ரெண்டுதான்."

பிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்காது, குடம் குடமாகத்தான் வாங்கும். அன்றைக்கு என் குடம் 512 சாம்பிள். விநாடிக்கு 48,000 சாம்பிள் ஓடும்போது 512 சேர 10.7 மில்லி விநாடி ஆகும். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம். டிரைவர் எடுத்துக்கொள்வதையும் கூட்டினால் 25ஐத் தொடும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 செ.மீ. போகிறது. கணக்குப் போட்டால், அவர் காலடியில் நான் வைத்த மானிட்டர் அவர் காதுக்கு 28 அடி தள்ளி இருந்தது. வீட்டில் தனியாக மிக்ஸ் பண்ணுகிறவனுக்கு இந்த 25 மில்லி விநாடி கண்ணிலேயே படாது. பதிவான ஒலிக்கு அவசரம் கிடையாது.

குடத்தை 128க்குச் சின்னதாக்கினேன். தபேலாக்காரர் தலையாட்டினார். உடனே ஸ்பீக்கரில் பட்டாணி வறுக்கிற சத்தம். குடம் சின்னதானால் கம்ப்யூட்டர் அடிக்கடி ஓடிவர வேண்டும். அந்தப் பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. ஒரு பெரிய தேவாலயத்தின் எதிரொலியை அப்படியே கொண்டுவரும் கன்வல்யூஷன் ரிவெர்ப் ஒன்றை ஆசையாகப் போட்டிருந்தேன், அதுதான் பாதி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு எளிமையான எக்கோ ஒன்றை வைத்தேன். பட்டாணி நின்றது. மணி ஆறே முக்கால்.

எட்டு மணி வரை எல்லாம் நன்றாகப் போனது. என்மேல் எனக்கே மரியாதை வந்துகொண்டிருந்தது. ஒரு டூயட். பின்னணியில் புல்லாங்குழல் மங்கலாக இருப்பதுபோல் பட்டது. ஹெட்ஃபோனில் அதை மட்டும் கேட்டுப் பார்ப்போம் என்று, இருபது வருஷப் பழக்கத்தில், அந்தச் சேனலின் சோலோ பட்டனை அழுத்தினேன்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. பாடகரின் வாய் அசைகிறது, பாடகியின் கை அபிநயம் பிடிக்கிறது, வெளியே கேட்பது புல்லாங்குழல் மட்டும்.

மேடை மிக்சரில் சோலோ என்றால் அந்தச் சேனல் என் ஹெட்ஃபோனுக்கு வரும். சபைக்குப் போவது போய்க்கொண்டே இருக்கும். ரெக்கார்டிங் மென்பொருளில் சோலோ என்றால் மற்ற எல்லாம் வாயை மூடு என்று அர்த்தம். ஒரே பட்டன், ஒரே எழுத்து, நிறம்கூட அநேகமாக அதேதான். எனக்கு உறைக்க மூன்று விநாடி ஆயிற்று. அதற்குள் புல்லாங்குழல்காரர் நிலைமையைத் தப்பாகவோ சரியாகவோ புரிந்துகொண்டு, தனக்குக் கிடைத்த வாய்ப்பு என்று இரண்டு பிருகா சேர்த்து ஊதிவிட்டார். சோலோவை எடுத்ததும் எல்லாரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள், ஏற்பாடு செய்து வைத்த விஷயம் என்று நினைத்துக்கொண்டு. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்றைக்கு இரவே இதை விட்டிருக்கலாம். விடவில்லை. முதல் காரணம் பணம். அப்போது டிஜிட்டல் மிக்சர் என்றால் யமஹாவின் எல்எஸ்9, எம்7சிஎல் என்று பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற சாமான். எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் தூரத்தில் நின்று பார்ப்போம். எனக்கோ, ஏற்கெனவே கையில் இருந்த சாமானில் சேனலுக்கு ஒரு கம்ப்ரெஸர், கத்திபோல் கூரான ஈக்யூ, போன வாரம் வைத்த அளவுகளை அப்படியே திரும்பக் கொண்டுவரும் வசதி, எல்லாம் கிடைத்தன. இரண்டாவது காரணம் ரோஷம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1988ல், மதுரையில் ஒரு மைக் செட் கடை வழியாக. அஹுஜா ஆம்ப்ளிஃபயர், புளியமரத்தில் கட்டுகிற குழாய், ரெக்கார்டு பிளேயர். கடைக்காரரைத்தான் ஆசான் என்று சொல்வேன், கூப்பிடுவது அண்ணே. மெல்லிசைக் குழுக்களுக்கு மிக்சர் ஓட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவர் கைக்குத் தனி மதிப்பு. எக்கோவுக்கு நாடா சுற்றுகிற மெஷின் வைத்திருந்தார். நாடா தேய்ந்தால் எக்கோவில் ஒரு குழைவு வரும், சில பாடகர்கள் அந்தத் தேய்ந்த நாடாதான் வேண்டும் என்று கேட்பார்கள்.

அவர் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இருட்டில். கரண்ட் போன ஒரு சாயங்காலம், கடைக்குள் மிக்சர் முன்னால் என்னை உட்கார வைத்து, "மூணாவது சேனல் ட்ரெபிள்" என்பார். நான் தொட வேண்டும். "ஆறாவது எக்கோ." தொட வேண்டும். மெயின் பாடகரின் ஃபேடர் நுனியில் மட்டும் அவர் வீட்டு அம்மாவின் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தார். விரல் பட்டால் சொரசொரப்பில் தெரிந்துவிடும். "கண்ணு மேடையிலதான்டா இருக்கணும். கை தானாப் போகணும். மைக்கு கூவ ஆரம்பிச்சா உனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருக்கு, அதுல நீ குனிஞ்சு பாத்தேன்னா போச்சு."

ரெக்கார்டிங் மென்பொருள் இதற்கு நேர் எதிரான ஊரிலிருந்து வருகிறது. ப்ரோ டூல்ஸ், கியூபேஸ், ரீப்பர் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் சொல்வது அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதைக் கட்டியவர்கள் மனத்தில் இருந்தவன், திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன். அவனுக்கு நேரம் இருக்கிறது. தப்பு வந்தால் நிறுத்துவான், அன்டூ போடுவான், அடுத்த டேக் போவான். ஒவ்வொரு பட்டனையும் அவன் வசதிக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் அவன் வீட்டில் குடியேறியவன். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை முட்டி முட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

மறு வாரமே ஒரு முட்டல். பாடகரின் ஒலியைச் சபைக்குக் கொஞ்சம் இறக்கினால் அவர் மானிட்டரும் சேர்ந்து இறங்குகிறது. அவர் என்னைப் பார்த்துக் கையை மேலே மேலே காட்டுகிறார். மென்பொருளில் ஒரு ட்ராக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கிளை பிரித்தால், அது ஃபேடருக்குப் பின்னால் பிரியும், நாம் மாற்றாத வரை. ஸ்டூடியோவில் எக்கோவுக்கு அதுதான் சரி. மேடை மானிட்டருக்கு ஃபேடருக்கு முன்னால் பிரிய வேண்டும். ஆறு கிளை, பதினைந்து சேனல். தொண்ணூறு இடத்தில் மாற்றினேன்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துப் பங்குனித் திருவிழா. இரவு ஒன்பது மணி. பத்துக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி அது, போலீஸ்காரர் கடிகாரத்தோடு வந்து நிற்பார். நான் கீழே இருக்கிற ட்ராக்குகளைப் பார்க்க டச் பேடில் இரண்டு விரலை வைத்து உருட்டினேன். திரை நகரவில்லை. இன்னும் கொஞ்சம் உருட்டினேன். மவுஸ் அம்பு, நான் கவனிக்காமல், பாடகியின் ஃபேடர் மேல் நின்றுகொண்டிருந்தது. நான் உருட்டியதெல்லாம் அவர் மைக்கை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கூவல் கிளம்பியது பாருங்கள், கோயில் பக்கத்து மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் அந்த ராத்திரியில் எழுந்து போய்விட்டன. ஃபேடர் மேல் உருட்டலை ஏற்காதே என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதை நான் கண்டுபிடித்தது மறுநாள் பகலில்.

கையால் தள்ள ஏதாவது வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. மவுஸ் என்பது ஒரு விரல். மேடையில் பாடகர் ஏறும்போதே கிடார் இறங்க வேண்டும். இரண்டு கை, சில சமயம் நாலு விரல் வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்கு ஃபயர்வயர் கார்டு வாங்கப் போன பயணத்தில், எட்டு ஃபேடர் கொண்ட பெட்டி ஒன்று பழையதாகக் கிடைத்தது. உள்ளே மோட்டார்; திரையில் ஃபேடர் நகர்ந்தால் இதுவும் நகரும். பதினாறு சேனலுக்கு எட்டு ஃபேடர் என்பதால் ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்த எட்டு வரும்.

ஆசானுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. 2011ல் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனேன். அவர் தொழிலை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. பட்டனை அழுத்தியதும் எட்டு ஃபேடரும் சர்ரென்று இடம் மாறியதைப் பார்த்து, "யாருடா தள்றது?" என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார், பாதி விளையாட்டாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகப் பாடகர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். அப்போது இரண்டாவது எட்டு வந்திருந்தது. அவர் விரலுக்குக் கீழே இருந்தது டிரம்ஸ். லேசாகத் தள்ளிப் பார்த்தார், கண்ணைத் திறந்தார், கையை எடுத்துக்கொண்டார்.

"ஒரே எடத்துல இருக்காதா இது?"

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் டீ வாங்கித் தரச் சொன்னார்.

அந்தக் கேள்வி என்னை ஒரு மாசம் தூங்கவிடவில்லை. கடைசியில் அடுத்த எட்டைக் கொண்டுவரும் பட்டனையே செயலிழக்கச் செய்தேன். பதினாறு சேனலைக் குழுக்களாகக் கட்டினேன்: பெரிய பாடகர், பாடகி, மற்ற குரல்கள், அறிவிப்பாளர், தாளம், கீபோர்டு, கம்பியும் குழலும், எக்கோ. எட்டு ஃபேடர், எட்டு வேலை, எந்த ஊரில் எந்தக் குழு வந்தாலும் அதே இடம். முதல் ஃபேடர் நுனியில் நெயில் பாலிஷ் வைத்தேன். உள் அளவுகளை ஒத்திகையிலேயே திரையில் முடித்துவிடுவேன்; கச்சேரி ஆரம்பித்த பிறகு அந்த எட்டைத் தாண்டி என் கை போவது அபூர்வம்.

சோலோவுக்கும் வழி கிடைத்தது. எல்லாச் சேனலிலிருந்தும் ஃபேடருக்கு முன்னால் ஒரு கிளை பிரித்து, ஹெட்ஃபோனுக்கு மட்டும் போகிற தனி ட்ராக் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எதைக் கேட்க வேண்டுமோ அந்தக் கிளையைத் திறந்தால் போதும். சோலோ பட்டன் பக்கம் கை போகாது.

சமிக்ஞை அளவு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய ஆட்கள் எல்லாரும் இதில் விழுந்தோம். அனலாக் மிக்சரில் முள் சிவப்பைத் தொட்டால்தான் எங்களுக்குத் திருப்தி. கொஞ்சம் தாண்டினாலும் ஒலி கனக்கும், அவ்வளவுதான். டிஜிட்டலில் உச்சி பூஜ்யம். அதைத் தாண்டினால் ஒலி கண்ணாடி உடைகிற மாதிரி உடையும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை. மென்பொருளுக்கு உள்ளே எவ்வளவு வெள்ளம் வந்தாலும் உடையாது, அதன் கணக்கு அவ்வளவு விஸ்தாரம். உடைவதெல்லாம் வாசலில், மைக் உள்ளே வருகிற இடத்திலும் ஸ்பீக்கருக்கு வெளியே போகிற இடத்திலும். உள்ளே வரும்போதே சராசரி கழித்தல் 18 டெசிபலில் நிற்கிற மாதிரி வைத்தால், பாடகர் உணர்ச்சிவசப்பட்டு மைக்கைக் கடிக்கிற அளவுக்கு நெருங்கினாலும் தாங்கும்.

இனி ஸ்பேஸ் பார்.

அந்தக் காலத்தில் மிக்ஸ் பண்ணிக்கொண்டே பதிவும் செய்வேன். மென்பொருள் அதற்காகப் பிறந்தது, கூடுதலாக ஒரு செலவும் இல்லை. ஒரு ஊரில் விழா. மத்தியானம் நடந்த ஒத்திகையும் அதே ஃபைலில் பதிவாகியிருந்தது. இடையிடையே கலைஞர்கள் பேசியதும்தான், மைக் எல்லாம் திறந்துதானே இருக்கிறது. இரவு, பாதிக் கச்சேரியில், விழாவுக்குப் பணம் கொடுத்த பெரியவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நன்றி சொல்ல மைக்கை வாங்கினார். நான் டீ கிளாஸை வைக்க இடம் தேடி லேப்டாப்பை முழங்கையால் நகர்த்தினேன்.

பதிவு நின்றிருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்தினால், ஏற்கெனவே பதிவானது ஒலிக்க ஆரம்பிக்கும். ஸ்டூடியோக்காரன் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அழுத்துகிற பட்டன் அது, அதனால்தான் விசைப்பலகையிலேயே பெரிய பட்டனை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

கீபோர்டு கலைஞரின் குரல் நாலு பெரிய பாக்ஸ் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. "முன்பணம் குடுக்கவே மூணு நாள் நடக்கவிட்டவரு, பாக்கியவா குடுக்கப் போறாரு?" ஸ்டூடியோ தரத்தில், 24 பிட் தெளிவில்.

கீபோர்டு கலைஞர் மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டார். பெரியவர் நல்ல மனிதர், அல்லது காது மந்தம், பேச்சைத் தொடர்ந்தார். ஆனால் பாக்கி வரவில்லை. நாங்களும் கேட்கப் போகவில்லை.

அன்று இரவு லாட்ஜில் முதல் வேலையாக, வெளியே செருகுகிற கீபோர்டு ஒன்றை எடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஸ்பேஸ் பாரைக் கழற்றினேன். கூடவே எஸ், டெலீட். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு மேல் அட்டை வைத்து டேப் ஒட்டினேன். ஒத்திகைப் பதிவை ஒரு ஃபைலிலும் கச்சேரியை இன்னொரு ஃபைலிலும் வைப்பது அன்றிலிருந்து வழக்கம்.

சாமான் விஷயமாகப் பட்டது இன்னும் நிறைய. லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் வரும், கழற்றினால் போகும். இதற்குச் சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள். செய்யவே கூடாது. அப்படி ஒரு மேடையில் பாடகர் மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்துத் துள்ளியதைப் பார்த்திருக்கிறேன். சார்ஜரை அப்படியே விட்டுவிட்டு, வெளியே போகிற ஒலி வழியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேஷன் பெட்டி வைத்தால் ரீங்காரம் அடங்கிவிடும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012ல் இன்னொன்று தெரிந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் லேப்டாப் பேட்டரியில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், இன்டர்ஃபேஸ் செத்துப் பிழைக்கும், இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது. ஆகவே இன்டர்ஃபேஸுக்கும் ஒரு யுபிஎஸ். கச்சேரி லேப்டாப்பில் வைஃபை கிடையாது, ஆன்டிவைரஸ் கிடையாது, மெயில் கிடையாது, தானாக அப்டேட் ஆகிற வேலை கிடையாது. பேட்டரி குறைகிறது என்று அது எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்து எழுப்பிய 'டிங்' ஒலியை ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தில் ஐந்நூறு பேர் கேட்டார்கள்.

இன்-இயர் மானிட்டர் வந்த பிறகு தாமதக் கணக்கு மறுபடி தலைதூக்கியது. காலடி மானிட்டரில் எட்டு மில்லி விநாடியைப் பொறுத்துக்கொண்ட அதே பாடகி, காதுக்குள் செருகிக்கொண்டதும் "டின்னுக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றார். அவர் குரல் அவருக்கு மண்டையோட்டு வழியாக உடனே கேட்கிறது, என்னிடமிருந்து சில மில்லி விநாடி கழித்து வருகிறது. இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அதற்காக அவர் குரலை மட்டும் கம்ப்யூட்டருக்குள் நுழையவிடாமல், இன்டர்ஃபேஸின் உள்ளேயே திருப்பி அவர் காதுக்கு அனுப்பினேன். மற்ற வாத்தியங்கள் கம்ப்யூட்டர் வழியாக வந்தால் அவருக்குக் குறையில்லை.

இத்தனை பாட்டுக்கும் ஈடாக இந்த முறை எனக்குக் கொடுத்த ஒன்றை எந்தப் பழைய மிக்சரும் கொடுத்ததில்லை. ஒரு நாட்டிய நாடகக் குழுவோடு பதினொரு ஊர் போனேன். முதல் ஊரில் எல்லா ட்ராக்கையும் பதிவு செய்தேன். இரண்டாவது ஊரில் காலை பத்து மணிக்கு அரங்கத்தில் நானும் ஒரு பையனும் மட்டும். கலைஞர்கள் ரயிலில். முந்தின நாள் பதிவை அதே சேனல்கள் வழியாக ஓடவிட்டேன். மேடையில் ஒரு ஆள் இல்லை, ஆனால் மிருதங்கமும் வயலினும் நட்டுவாங்கமும் முழுதாக ஒலிக்கின்றன. நான் மிக்சரை விட்டு எழுந்து அரங்கத்தின் கடைசி வரிசை வரை நடந்து, எந்த மூலையில் மிருதங்கத்தின் தொப்பி மப்பாகக் கேட்கிறது, எங்கே நட்டுவாங்கம் காதைக் குத்துகிறது என்று அவசரமில்லாமல் பார்த்தேன். சவுண்ட் செக்குக்கு வரவே வராத கலைஞர்களை வைத்துத் தொழில் செய்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனால் இதை முழுசாக நம்பினால் மோசம் போவோம். மேடையில் திறந்த மைக் இல்லாததால் எது கூவும் என்பது தெரியாது. மிருதங்கத்தின் நேரடி ஒலியும் மேடையில் இருக்காது. சின்ன அரங்கத்தில் முன்வரிசைக்காரர் காதுக்குப் போவதில் பாதி அதுதான்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. ஃபேடர் அசைவுகளையும் மென்பொருள் பதிவு செய்யும். ஒரு இரவு அதைத் தவறுதலாக ஆன் பண்ணி வைத்திருந்தேன். பஸ்ஸில் திறந்து பார்த்தபோது என் கை முழுக் கச்சேரிக்கும் கோடாக வரைந்து கிடந்தது. வயலின் தனியாக வரும் ஒவ்வொரு இடத்திலும் நான் ஏற்றியது முக்கால் ஆவர்த்தனம் கழித்து. ஒவ்வொரு இடத்திலும். இருபது வருஷமாக எனக்கு வேகமான கை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மறுநாளிலிருந்து வயலின்காரர் வில்லைத் தூக்கும்போதே என் விரல் ஃபேடருக்குப் போயிற்று. திரையைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

கம்ப்யூட்டர் மொத்தமாக நின்றது எனக்கு ஒரே ஒரு தடவை. உறைந்துபோன கம்ப்யூட்டர் மௌனமாகச் சாகாது, கடைசிக் குடத்தையே திரும்பத் திரும்ப ஊற்றும்; ட்ர்ர்ர்ர் என்று தட்டச்சு மெஷின் சத்தம். அதற்கென்றே முதல் நாளிலிருந்து அந்த எட்டு சேனல் சின்ன மிக்சரைப் பக்கத்தில் வைத்திருந்தேன். முக்கியமான ஆறு மைக்குகள் இரண்டாகப் பிரிந்து அதற்கும் போகும். ஆம்ப்ளிஃபயருக்கு எது போக வேண்டும் என்று ஒரு சுவிட்ச். தட்டினேன். நாலைந்து விநாடி போயிருக்கும். கம்ப்யூட்டர் திரும்ப எழுந்த பிறகும் அதை நம்பத் துணிவில்லாமல், மீதிக் கச்சேரியை ஆறு சேனலில், கம்ப்ரெஸர் இல்லாமல், கிட்டத்தட்ட 1988 மாதிரி முடித்தேன். முடிந்ததும் பாடகியின் அப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது பாதி சவுண்ட் பிரமாதம் தம்பி."

2012ல் பெரிஞ்சரின் எக்ஸ்32 வந்தது. 32 சேனல், மோட்டார் ஃபேடர், யூஎஸ்பி கேபிளில் அப்படியே பதிவு. விலையோ எங்களைப் போன்றவர்கள் நாலு பேர் சேர்ந்தால் எட்டுகிற உயரம். ரெக்கார்டிங் மென்பொருளை மேடைக்கு இழுத்து வந்த என்னைப் போன்றவர்களுக்குத் தேவை அநேகமாக அன்றோடு தீர்ந்தது. மேடைக்கென்றே எழுதிய எஸ்ஏசி, வேவ்ஸ் எல்வி1 போன்ற மென்பொருள்களும் இருக்கின்றன. நான் கட்டி அவிழ்த்ததையெல்லாம் அவற்றில் முதலிலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். பெரிய மேடைகளில் நாங்கள் அண்ணாந்து பார்த்த டிஜிடிசைன் வென்யூ மிக்சருக்குள்ளும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் கம்ப்யூட்டர்தான் இருந்தது. ஆனால் ஒலி அந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் போகாது, தனி சிப்புகள் வழியாகப் போகும். திரை உறைந்தாலும் பாட்டு நிற்காது. நான் கல்யாண மண்டபத்தில் செய்தது திரையையும் ஒலியையும் ஒரே மாட்டில் கட்டிய ஏர்.

அந்த லேப்டாப்பை முழுசாக ஓரங்கட்டவில்லை. எக்ஸ்32க்குப் பக்கத்தில் பதிவுக்கும் காலை நேர ஒத்திகைக்கும் ஓடுகிறது, கீபோர்டும் அதோடுதான். இப்போது என்னோடு இருக்கிற பையன் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரங்கத்தில் நடந்தபடியே மிக்ஸ் பண்ணுகிறான். நன்றாகவே செய்கிறான். கொஞ்சம் குனிந்து பார்க்கிறான்.

போன மாசம் பழைய ஹார்டு டிஸ்க்கை அவனிடம் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொன்னேன். அரை மணி கழித்து வந்து கேட்டான். "ஏண்ணே, எல்லா ஃபைல் பேரும் ஒட்டி ஒட்டியே இருக்கு? மதுரைமண்டபம், சிவகங்கைதிருவிழா, அரங்கேற்றம்கடைசி... எஸ் வர்ற எடத்துல எல்லாம் இசட் போட்டிருக்கீங்க?"

கீபோர்டை எடுத்துக் காட்டினேன்.